கத்தரிக்கோல் பிடித்த அணில்

மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். உன் அம்மாவும் நலம், அவளுக்கென்ன குறை. உன் கல்யாணத்துக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதை வைத்து அப்பாவுக்கு மனசு இளகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இது புகார்க் கடிதம்.

நம் தோட்டத்து முலாம்பழம் உனக்குத் தெரியும். உள்ளங்கைக்குள் அடங்குகிற பழம், மஞ்சளில் பச்சைக் கோடு, வெட்டினால் தெருமுனை வரை மணக்கும். கடையில் பழமும் கிடைக்காது, விதையும் கிடைக்காது. வருஷா வருஷம் நம் கொடியிலிருந்து நாமே எடுத்தால்தான் உண்டு. இந்த வருஷம் அதற்கும் வினை வந்தது. பக்கத்து வீட்டு வாத்தியார் ஓய்வு பெற்ற கையோடு மண்வெட்டியைத் தூக்கிவிட்டார். தலையணை அளவுக்குக் காய்க்கிற ஏதோ ஒரு ரகத்தை வேலியோரம் போட்டிருக்கிறார். தின்றால் சப்பென்று இருக்கும். தேனீக்கு வேலி உண்டா? அங்கே உட்கார்ந்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தால் நம் விதை கெட்டது. அடுத்த வருஷம் ரெண்டுங்கெட்டானாகத்தான் காய்க்கும்.

தையற்காரன் புத்தி தையலில்தானே போகும். மெல்லிய மல் துணியில் விரல் நீளத்துக்குப் பைகள் தைத்து, சாயங்காலமே மொட்டுகளுக்கு மாட்டிவிடுவேன். காலையில் கழற்றி, ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தடவி, மறுபடியும் பையை மாட்டுவேன். கடையில் ஆட்கள் ஜாக்கெட்டுக்குக் காத்திருக்க, நான் இங்கே பூவுக்கு உடுப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். அத்தனை பூவில் காய் பிடித்தது ஒன்றே ஒன்று. அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டினேன். மற்ற பழங்களைத் தின்னலாம், சிவப்பு நூல் விதைக்கு என்று உன் அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். நடுவில் பெய்த மழையில் மற்றதெல்லாம் வெடித்து அழுகிவிட்டன. மிஞ்சியது அது மட்டும்தான்.

நேற்று கடையிலிருந்து வந்து பார்த்தால் காம்பில் நூல் இருக்கிறது, பழத்தைக் காணோம். கேட்டால் அணில் என்றாள். அணில் கடித்தால் காம்பு நார்நாராகப் பிய்ந்திருக்கும். இது பிசிறில்லாமல் வெட்டியிருந்தது. உள்ளே போய் என் கத்தரிக்கோலை எடுத்துப் பார்த்தேன். துணியைத் தவிர ஒரு காகிதத்தைக்கூட அதால் வெட்ட விட்டதில்லை நான். அலகில் பச்சைச் சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. அணில் கத்தரிக்கோல் பிடித்த கதையை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. உன் வீட்டுக்காரர், அந்த எலெக்ட்ரீஷியன், வேலை விஷயமாக இந்தப் பக்கம் வந்தவர், நான் இல்லாத நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்திருக்கிறார். பழம் அவர் பையில் ஏறிவிட்டது. எப்படி மனசு வந்தது என்று உன் அம்மாவைக் கேட்டேன். அவள் அசரவில்லை.

"அவ மாசமா இருக்கா. வாயில எதுவும் இறங்க மாட்டேங்குதாம், இத மட்டும்தான் கேட்டாளாம். பொண்ணு பெருசா விதை பெருசான்னு பார்த்தேன்" என்றாள்.

நான் தாத்தா ஆகப்போவது அவளுக்குத் தெரியும், எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும், அநேகமாக அந்த அணிலுக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியக்கூடாது. இது எந்த ஊர் நியாயம்? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ராத்திரி சாப்பாடும் இறங்கவில்லை. விதை போன கவலை என்று உன் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பழுத்தால் தானாகக் காம்பை விட்டுக் கழலுகிற பழம் அது. அதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். நீ இன்னும் அதை நறுக்கவில்லை என்றால் கூடத்தில் வைத்து, மணம் வந்த பிறகு தின்னு. அவசரப்பட்டால் இனிப்பும் இருக்காது, விதையும் பதராகிவிடும். தின்றாகிவிட்டது என்றால் விதையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூழ்கியதை நிழலில் உலர்த்து. மாப்பிள்ளையிடம் சொன்னால் ஃபேனுக்கு அடியில் வைப்பார், அவருக்குத் தெரிந்த வித்தைதானே.

பூவுக்குப் பை தைத்ததில் மல் துணி மிஞ்சியது. வீணாகப் போகிறதே என்று கைக்குட்டை அளவில் ஒரு சட்டை தைத்தேன். பட்டன் வைக்கவில்லை, பச்சை உடம்பில் உறுத்தும். நாடாதான்.

விதை என்னுடையது. எனக்குத் திரும்ப வேண்டும். தபாலில் அனுப்பாதே, அவர்கள் முத்திரை குத்துகிற வேகத்தில் நொறுங்கிவிடும். வேறு யாரிடமும் கொடுத்தும் அனுப்பாதே. பிரயாணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு நீயே கொண்டு வா. மாப்பிள்ளையும் வரட்டும், உன்னைப் பெட்டி தூக்க விடக்கூடாது. என் பேச்சை மீறி நீ அவரைக் கட்டிக்கொண்ட அன்றைக்கு, இந்த வாசற்படியை மிதிக்காதே என்று சொன்னேன். சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை. ஆனால் தோட்டத்துக்குப் பின்கதவு இருக்கிறது. அதன் தாழ்ப்பாளுக்கு இன்று காலையில் எண்ணெய் போட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு.

கோபம் இன்னும் தீராத
அப்பா