வேலியோரத்து நாலாவது பாத்தி

அண்ணை,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்று காலை ஈஸ்ட் ஹாம் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது, குளிருக்காகக் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன். விரல் நுனியில் கடுகை விடச் சிறிய மணிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. குளோவர் என்ற தீவனச் செடியின் விதை. பைத் தையலுக்குள் மணலோடு சேர்ந்து கிடந்திருக்கிறது. மூக்கருகில் கொண்டுபோனேன். உங்கள் நிலத்தின் மணம் இன்னும் இருந்தது, வெட்டிய புல்லும் ஈரக் களிமண்ணும். இன்று புதன்கிழமை. சனிக்கிழமை விடியலில் உங்கள் மருமகன் அந்த நிலத்துக்கு வேட்டைத் துவக்கோடு போகிறார். அதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

பாதாள ரயிலின் கடைசி நிலையத்தையும் தாண்டி, லண்டன் முடிந்து எசெக்ஸ் தொடங்கும் இடத்தில், மரக்காட்டை ஒட்டிய அந்தத் துண்டு நிலத்தை நீங்கள் வாங்கியபோது ஊரே வியந்தது. ஜெர்மனியில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து ஈஸ்ட் ஹாமில் கடை போட்ட மனிதருக்கு எதற்குக் காணி என்றார்கள். மருத்துவர் நடக்கச் சொன்னார் என்றீர்கள். பிறகு ஒரு நாள் கடையின் பின்னறையில் வைத்து என்னிடம் கேட்டீர்கள்.

“ஐசே, நீர் தாவரவியல் படிச்சனீர். மண்ணைக் கிளறாமல், மெசின் பிடிக்காமல், மானுக்குச் சாப்பாடு விதைக்க ஏலுமோ? சத்தமில்லாமல் செய்ய வேணும்.”

ஏலும் என்றேன். பட்டம் பெற்று வந்து இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் சோதனைக் குழாய் கழுவுகிறவனிடம், அவன் படித்ததைப் பற்றி முதன்முதலாகக் கேட்டவர் நீங்கள். அந்த ஒரு கேள்விக்காக எத்தனையோ விஷயங்களை உங்களுக்கு மன்னித்தேன். உங்கள் மகளின் கல்யாணத்தில் என்னைச் சமையலறைக் கதவோரம் உட்கார வைத்ததைக்கூட.

அறையளவு பாத்திகள் மூன்று. நீளப்பிடி அரிவாளால் புல்லைத் தரையோடு அரிந்தோம். பல் வைத்த விறாண்டியால் காய்ந்த சருகை வாரி, மண் முகம் தெரியும்வரை சுரண்டினோம். அவ்வளவுதான், ஒரு மண்வெட்டி போடவில்லை. கிளறினால் அடியில் தூங்கும் களை விதையெல்லாம் எழும்பிவிடும் என்று நான் சொன்னதை நீங்கள் ஒரு பாடம் போலத் திருப்பிச் சொன்னீர்கள். மழை வரும் என்று அறிவித்த நாளுக்கு முதல் நாள், விதையை மணலோடு கலந்து, மா அரிக்கும் அரிதட்டால் தூவினோம். பிறகு இரண்டு பேரும் சப்பாத்துக் காலால் மிதித்து மிதித்து அழுத்தினோம். திருவிழாவில் காவடி ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று சிரித்தீர்கள்.

உங்கள் கடையின் கம்பிக் கூடையொன்றைப் பாத்தி நடுவில் கவிழ்த்து, முளை அடித்து வைத்தது என் யோசனை. ஆறு கிழமை கழித்துப் போனபோது கூடைக்குள் குளோவர் கணுக்கால் உயரம். வெளியே எல்லாம் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் மொட்டை. மான்கள் வருகின்றன என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. நீங்கள் அந்தக் கூடையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். “பழகீட்டுதுகள்,” என்றீர்கள். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஊரை விட்டு வந்த நாளிலிருந்து மச்ச மாமிசம் தொடாதவன் நான். பசியோடு ஓடிவந்தவர்கள் இன்னோர் உயிருக்குப் பசியாற்றுகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு நிறைவு. அந்த நிறைவில் எதையும் கூட்டிப் பார்க்கவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும் என்று கேட்டீர்கள்; சொன்னேன். எந்த மாதத்தில் பயமின்றி வரும் என்று கேட்டீர்கள், சொன்னேன். எங்கள் மணம் தங்கக்கூடாது, மத்தியானத்துக்குள் வெளிக்கிட வேண்டும் என்றீர்கள், வெளிக்கிட்டேன். படம் பிடிக்க என்று ஒரு பலகைக் குடில் அடித்து அதில் நெஞ்சளவில் ஒடுங்கிய ஜன்னல் வைத்தீர்கள். மூன்று பாத்தியும் அந்த ஜன்னலுக்கு நேரே, எதிர்ப்பக்க மண்மேட்டை ஒட்டியே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். மேட்டு நிழலில் பயிர் மெலியும் என்று நான் வாதாடினேன். “மேடு முக்கியம் ஐசே,” என்றீர்கள்.

நீங்கள் போனது தை மாதம், இதயம் நின்று. லண்டனில் சவம் எடுக்கவே இரண்டு கிழமை ஆகிறதால் நாட்கணக்குப் பிசகி, எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலையில் படைத்திருந்தார்கள். நண்டு, ஆட்டிறைச்சி, ஒரு சின்னக் கிளாஸில் விஸ்கி. நடுவில் கறுத்த இறைச்சிப் பிரட்டல் ஒன்று. நான் ஒதுக்குப்புறமாக என் மரக்கறிச் சோற்றோடு இருந்தேன். உங்கள் மருமகன், இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அங்கிள், இது மாமான்ட ஃபேவரிட். நீங்கள் வளர்த்தது, அவர் சுட்டது. கொஞ்சமாவது டேஸ்ட் பண்ணுங்கோ.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உங்கள் தோட்டக்காரர் இவர்தானோ என்று ஒருவர் விசாரித்தார். அப்படித்தான் என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தீர்கள் போல. ஜெர்மனியில் வேட்டைக்காரரோடு பழகியதையும், முறைப்படி லைசென்ஸ் எடுத்து மூன்று குளிர்காலம் அந்த ஜன்னலில் இருந்ததையும் அங்கே எல்லோரும் அறிந்திருந்தார்கள். என்னைத் தவிர. வெளிக்கிடும்போது உங்கள் மனைவி, அக்கா, வாசல்வரை வந்தா. “உமக்குத் தெரியும் எண்டுதான் தம்பி நான் நினைச்சனான்,” என்றா. அவவுக்கு முகம் கொடுக்க முடியாமல் சப்பாத்தைப் போட்டேன்.

நீங்கள் சுட்டதற்காக அல்ல அண்ணை இந்தக் கோபம். சுடப்போகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் விதைத்திருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் என் கையால் விதைப்பித்தீர்கள்.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஆவணியில் உங்கள் மருமகன் போன் எடுத்தார். மேட்டுப் பாத்திகள் நிழலில் மெலிந்துவிட்டனவாம், மான்கள் கீழே வேலியோரமாகத்தான் திரிகின்றனவாம், அங்கே நாலாவதாக ஒன்று போட வேண்டுமாம். போனேன். ஏன் போனேன் என்று என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பதில் நல்லதாக இல்லை. வேலி அப்போது இலை அடர்ந்து சுவர் போல நின்றது. அவர் எப்போதும் மேல் வாசலால் காரில் வந்து காரில் போகிறவர். வேலிக்கு அப்பால் இன்னொரு வயல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

பஸ்ஸில் வந்து நடக்கிறவன் நான். வேலிக்கு அப்பால் வயல் இல்லை, பொதுப் பாதை. உங்களுக்கும் தெரியும். அந்த வயதான வெள்ளைக்காரப் பெண் தினமும் விடியலில் நாயோடு வருவாவே, எங்கள் இருவருக்கும் காலை வணக்கம் சொல்வாவே, அந்தப் பாதை. அவவின் மேலங்கி காய்ந்த இலையின் நிறம்.

“பின்னால ஒண்டுமில்லைத்தானே, அங்கிள்?” என்று கேட்டார். நான் சருகை வாரிக்கொண்டே இருந்தேன். அந்தச் சட்டியும் அந்தச் சிரிப்பும் நினைவுக்கு வந்தன. ஒரு தடவை இவர்கள் தாங்களாகவே தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தேன். பிறகு விதையை எடுத்துத் தூவினேன். ஒழுங்காகத் தூவினேன். மிதித்தும் விட்டேன். மேடு ஏன் முக்கியம் என்று நீங்கள் அவருக்கும் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு அது விளங்கியது. தவறிய குண்டை வாங்க மண் வேண்டும். அவ்வளவு கவனமாக இருந்திருக்கிறீர்கள், என்னிடம் உண்மை சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றிலும்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். நாலாவது பாத்தி நான் போட்டவற்றிலெல்லாம் திறமாக வந்திருக்கிறது. கூடைக்கு வெளியே மொட்டை. வேலியில் இலை கொட்டத் தொடங்கி, குச்சிகளுக்கிடையே பாதை கீற்றுக் கீற்றாகத் தெரிகிறது. பழுப்பாக ஏதோ அசைந்தது. மான் என்று நினைத்தேன். நாய் குரைத்தது.

நேற்று மருமகனுக்குப் போன் எடுத்தேன். “சொல்லுங்கோ அங்கிள், சனி விடிய நாலாவது பாத்திக்குப் போறன்,” என்றார் சந்தோஷமாக. குளிர் கூடிவிட்டது என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வாயால் சொன்னால், ஆவணியில் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே எழுதுகிறேன். வேலிக்குப் பின்னால் பாதை இருக்கிறது. அங்கே ஒரு மனுசி நடக்கிறா. நாலாவது பாத்தியை நோக்கிச் சுடக் கூடாது. இந்த மூன்று வரிக்காகத்தான் மற்ற எல்லாம்.

உறையில் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். உங்கள் பெயருக்கு இன்னும் கடிதங்கள் வருகின்றன என்றும், அவற்றை மருமகன்தான் அன்றன்றே உடைத்துப் பார்க்கிறார் என்றும் அக்கா சொன்னா. முதல் வகுப்பு முத்திரை ஒட்டியாயிற்று. பையில் மிஞ்சிய விதையைக் கொட்ட மனம் வரவில்லை. அது அங்கேயே கிடக்கட்டும். வெள்ளி மாலைவரை ஒன்றும் கேள்விப்படாவிட்டால், சனி விடியலில் முதல் பஸ் எடுத்து அந்தப் பாதையில் போய் நிற்பேன்.

பெயர் போட மாட்டேன். தோட்டக்காரன் எழுதியது என்று வாசித்ததும் தெரியும். ஆனாலும் விதைத்தவன் தன் பெயரை எழுதிப் பார்க்கும் அளவுக்கு எனக்கு இன்னும் துணிவு வரவில்லை. இப்படியே தபால் பெட்டியில் போடப்போகிறேன்.