பணி நிமித்தமாக

காலையில் கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டால் உனக்கு ஒரு மின்னஞ்சல் வந்து கிடக்கிறது. அயர்லாந்து ஆவணக் காப்பகத்திலிருந்து. நீ கடைசியாக வாசித்து நான் அடித்த பக்கத்தைச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார்களாம். உன் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருக்கிறார்கள். நீ போய் நாற்பது நாள் ஆகிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது? எனக்கும் சொல்ல மனம் வரவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு தினமும் மம்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிடுவாய். தட்டச்சுப் பயிலகமாக இருந்து ஜெராக்ஸ் கடையாகிப்போன என் கடையில் உனக்கென்று ஒரு ஸ்டூல். ஒரு நாள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஏலே, எம்மவ இருக்க ஊரு எப்படியிருக்குன்னு இதுல பாரேன்" என்றாய்.

அவள் நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் அப்போது மூன்று வருடம். கல்யாணத்தை முடித்துவிட்டுப் போ என்றாய், அவள் கேட்கவில்லை. அதிலிருந்து உங்களுக்குள் பேச்சு இல்லை. உன் வீட்டுக்காரி அவளோடு போனில் பேசும்போது நீ எழுந்து வெளியே போய்விடுவாயாம், ஆனால் காது கேட்கிற தூரத்தில்தான் நிற்பாயாம். மகளிடம் கேட்க வேண்டியதை இன்டர்நெட்டில் கேட்க வந்த மகராசன் நீ.

மழையும் பச்சைப் புல்லும் மாடும் படம் படமாகக் காட்டினேன். உனக்குப் பற்றவில்லை. தோண்டித் தோண்டிப் பார்த்ததில்தான் அந்தக் காப்பகம் அகப்பட்டது. அந்த நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் முன்னொரு காலத்தில் தங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கதை கேட்டு நோட்டில் எழுதியிருக்கிறார்கள். அதையெல்லாம் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். உன் மகள் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் எழுதியதும் இருந்தது. யார் வேண்டுமானாலும் வாசித்து அச்செழுத்தில் அடித்துக் கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, எழுதியது எழுதியபடி இருக்க வேண்டும். எதையும் திருத்தக் கூடாது.

எனக்கு அந்தக் கையெழுத்தில் ஒரு வரி விளங்கவில்லை. முப்பது வருடம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்த உனக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. "எங்க ஏட்டு எழுத்தையே படிச்சவன்லே நான். இது முத்து முத்தால்ல இருக்கு" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டாய். உன் எஃப்.ஐ.ஆர். இங்கிலீஷை வைத்துக்கொண்டு நீ வாசிக்க, நான் அடிக்க, ஒரு வருடம் ஓடியது.

போலீஸ் புத்தி மட்டும் உன்னை விடவில்லை. சாவு விழப்போகிற வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் ஆவி தலை சீவிக்கொண்டே அழும் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. "நேர்ல பாத்த சாட்சி யாரு? எல்லாரும் கேள்விப்பட்டேங்கான்" என்றாய். தனியாக நிற்கும் முள்மரத்தை வெட்டியவன் வீடு விளங்காமல் போன கதைக்கு, "இது நம்மூரு கேஸுலே" என்று சிரித்தாய். உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, இங்கிலீஷ்காரன் ஆட்சியில், கையிலிருந்த தானியமும் கப்பலேறிப் போனதைப் படித்த அன்று நீ சிரிக்கவில்லை. டீ ஆறியது. "இவியளையும் அவன்தான் ஆண்டிருக்கான். அப்ப எம்மவ ஒண்ணும் தெரியாத ஊருக்குப் போயிடல" என்றாய்.

பிறகு ஐப்பசியில், இப்போது என் முன்னால் இருக்கும் இந்தப் பக்கம் வந்தது. அமெரிக்காவுக்குக் கப்பலேறும் பிள்ளைக்கு அந்த ஊரில் முந்தின நாளே இழவு வீடு கூட்டுவார்களாம். உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைத்து அழுதுதான் அனுப்புவார்களாம். திரும்பி வராது என்று எல்லோருக்கும் தெரியும்.

நீ கண்ணாடியைக் கழற்றினாய். "அழுதாவது அனுப்பிருக்கான். நான் அதுகூடச் செய்யலியே" என்றாய். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எம்மவளுக்கு ஒரு லெட்டர் அடி" என்றாய். நீ சொன்னது ஒரு சொல் விடாமல் என் நினைவில் இருக்கிறது.

"நீ கெளம்புன அன்னைக்கு நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேர் பந்தோபஸ்துல நின்னேன். என்னய யாரும் போடல. நானாக் கேட்டு வாங்குன டூட்டி. கூட்டத்துல தெரியாதுன்னு வடத்துக்குப் பக்கத்துல நின்னு அழுதேன். நீ செத்துப்போனாப்புல அழுதேன் தாயி. ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ."

நான் என்ன அடித்தேன் தெரியுமா? வெளிநாட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்குச் செத்துப்போனாற்போல என்று எழுதுவது அமங்கலம் என்று பட்டது. ஒரு போலீஸ்காரன் அழுததை எழுதுவது உனக்குக் கௌரவக் குறைச்சல் என்று பட்டது. ஆயிரம் பிள்ளைகளுக்குக் கடிதம் அடிக்கக் கற்றுக்கொடுத்த என் விரல்கள் தாமாகவே ஓடின. "அன்புள்ள மகளுக்கு, நலம், நலமறிய அவா. அன்று பணி நிமித்தமாக வழியனுப்ப வர இயலவில்லை. நேரம் கிடைக்கும்போது வந்து செல்லவும்."

நீ அதை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. "நீ அடிச்சா சரியாத்தாம்லே இருக்கும்" என்றாய். மின்னஞ்சலில் அனுப்பினேன்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. "சரிப்பா. லீவு கிடைக்கும்போது வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்." அதை இரண்டு தடவை படித்தாய். "இம்புட்டுத்தானா?" என்று கேட்டாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். வெட்கம் பிடுங்கித் தின்றது, திறக்கவில்லை. அதன் பிறகு நீ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, காப்பகத்தின் அடுத்த பக்கத்தையும் எடுக்கவில்லை. மார்கழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

உன் மகள் நான்காம் நாள்தான் வந்து சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடித்து, ஊருக்குக் கிளம்பும் முன்பு கடைக்கு வந்து உன் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஒரே ஒரு லெட்டர் போட்டாக மாமா. அதுலயும் டூட்டின்னுதான் எழுதியிருந்தாக" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. போனை எடுத்து, "அப்பா சொன்னதச் சொன்னபடி சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்" என்றாள். சொன்னேன். எழுதி முடித்து ஒருமுறை படித்தாள்.

"இது வந்திருந்தா அடுத்த பிளைட்லயே வந்திருப்பேன் மாமா."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் எப்போது வரும் என்று கேட்பது போலச் சொன்னாள். நீ சொன்னது இப்போது அவளிடம் பத்திரமாக இருக்கிறது. அவள் சொன்னது என்னிடம் இருக்கிறது, உனக்கு அடித்து அனுப்ப வழியில்லாமல். உன் மகள் வந்திருப்பாள். அது தெரியாமலே போய்விட்டாய்.