ஒரே உடம்புக்கு ஒரே சீட்டு கோருதல்

அனுப்புநர்:
த. ஆதிலட்சுமி,
க/பெ. தருமன்,
அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை வட்டம்.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்கள்,
வடஆற்காடு மாவட்டம், வேலூர்.

பொருள்: நல்லான்பிள்ளை தர்ம மருத்துவமனையில் இருதயப் பிரிவும் மனநலப் பிரிவும் ஒருவர் மருந்தை ஒருவர் பாராமல் என் கணவருக்குத் தருவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற சித்திரையில் கிணறு தூர் வாரும்போது மண் சரிந்து எங்கள் ஒரே மகன் இருசப்பன் இறந்தான். என் கணவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோறும் இல்லை, தூக்கமும் இல்லை. கருமாதியன்று பிண்டம் வைக்கக் குனிந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். "இப்பத்தான் அழுவறாரு, வுடுங்க, யாரும் தடுக்காதீங்க" என்றார் என் நாத்தனார் எல்லம்மாள். நாங்களும் விட்டுவிட்டோம். உடம்பெல்லாம் வியர்த்து அவர் சரிந்த பிறகே அது மாரடைப்பு என்று தெரிந்தது. பாவிகள் நாங்கள்.

2. பிழைத்தார். செவ்வாய்தோறும் இருதயப் பிரிவு, வெள்ளிதோறும் மனநலப் பிரிவு, தனித்தனிச் சீட்டு. உறவினர் பைத்தியம் என்பார்களே என்று மனநலச் சீட்டை நானும் முந்தானையில் முடிந்து மறைத்தேன். அது என் குற்றம், ஒப்புக்கொள்கிறேன்.

3. மனநல மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் களி கேட்டுச் சாப்பிட்டார். கூடவே படபடப்பும் தலைசுற்றலும் வந்தன. மருத்துவமனைக்குப் புதிதாக வந்த வேதா என்ற பெண் டாக்டர்தான் இரண்டு சீட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். சில மனநல மாத்திரைகள் இருதயத் துடிப்பைக் கெடுக்கும் என்றார். துக்கத்தை அப்படியே விட்டாலும் உடம்பில் சுரக்கும் நீர்கள் மாறி, அழுத்தம் ஏறி, இரத்தம் சுலபமாக உறைந்து மறுபடி அடைக்கலாம் என்றும், இரு டாக்டர்களும் கலந்து பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

4. கேட்டேன். "மனசு என் டிபார்ட்மெண்ட் இல்லம்மா" என்றார் இருதய டாக்டர். "நெஞ்சுவலின்னா செவ்வாக்கெழம வாங்க" என்றார் மற்றவர். ஏன் ஐயா, செவ்வாய்க்கு ஒரு தருமன், வெள்ளிக்கு ஒரு தருமனா என் வீட்டில் இருக்கிறார்கள்?

5. படபடப்புக்குப் பயந்து மூன்று வாரமாக மனநல மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. ஆனால் நேற்றிலிருந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். இருதய மாத்திரையையும் துப்புகிறார். "எனக்கு எதுக்குடி இது" என்கிறார்.

ஆகையால், வரும் வெள்ளிக்குள் இரு டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து அவரைப் பார்த்து, ஒரே சீட்டில் மருந்து எழுத உத்தரவிடும்படி வேண்டுகிறேன். எந்த மாத்திரையைக் கொடுப்பது, எதை ஒளிப்பது என்று தினமும் எட்டாம் வகுப்பு படித்த நான் முடிவு செய்துகொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
த. ஆதிலட்சுமி

இடம்: அடி அண்ணாமலை
நாள்: 11.8.1986