மூச்சு வாங்கும் இடம்

மில்லுக்காரா,

இன்று காலை பால் வாங்கப் போனவன் மாவு மில் தெருவில் மாட்டிக்கொண்டேன். உள்ளே யாருக்கோ மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் நெடி ஏறிவிட்டது. தும்மல், இருமல், கண்ணெல்லாம் தண்ணீர். ஸ்டாண்டில் நின்ற ஆட்டோக்காரர், "இன்னா பாய், காலங்காத்தால அழுவுற?" என்று கேட்டார். மிளகாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். பாதி மிளகாய்தான். மீதி நீ.

மிளகாய் அரைக்கிற நாளில் உன் மில்லுக்குள் கால் வைக்க மாட்டேன், ஞாபகம் இருக்கிறதா? வாணியம்பாடியிலிருந்து பஸ் மாறி மாறிப் போளூர் வந்து இறங்கி, எதிர்க்கடையில் டீ குடித்தபடி, உள்ளே ஓடுவது அரிசியா மிளகாயா என்று மூக்காலேயே தெரிந்துகொண்டுதான் வருவேன். நீயோ அந்தத் தூசியிலேயே நாள் முழுக்க நின்றாய். புருவத்தில் மாவு, காதில் மாவு. மோட்டார் சத்தத்தைச் சுதியாக வைத்துக்கொண்டு தொண்டை கிழியப் பாடுவாய். "மில்லு ஓடசொல்லதான் பாய் மெட்டு வருது. நிறுத்திட்டா அதுவும் நின்னுடுது" என்பாய். இளைப்பு வந்ததும் அந்தத் தூசியால்தான். டாக்டர் மில்லை மூடச் சொன்னார். நீ டாக்டரை மாற்றினாய்.

உனக்கு எழுத இன்று ஒரு காரணம் இருக்கிறது. இல்லாவிட்டாலும் எழுதியிருப்பேன். பேச ஆளில்லை. என் வீட்டுக்காரி போனபோது நீ இருந்தாய். நீ போனபோது யாரும் இல்லை. மகன் சென்னையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, மாத்திரை போட்டீர்களா என்று கேட்கிறான். போட்டேன் என்கிறேன். பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. தோல் கிடங்கு வேலையிலிருந்து நின்ற பிறகு பகல்கள் ரொம்ப நீளம். டோலக் தொய்ந்து கிடக்கிறது. இழுத்துக் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கட்டி யாருக்கு அடிப்பது?

விஷயத்துக்கு வருகிறேன். சில வாரங்களுக்கு முன் ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். இசைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாளாம். நம் பக்கத்திலிருந்து போய்ப் பெயர் வாங்கிய இசைக்காரர்களைப் பற்றிப் பழைய ஆட்களிடம் கேட்டுப் பதிவு செய்கிறாள். எனக்குத் தெரிந்த நாதஸ்வர வித்வானைப் பற்றிச் சொன்னேன். சினிமாவுக்கு வயலின் வாசிக்கப் போனவரைப் பற்றிச் சொன்னேன். "இசையமைப்பாளர் யாராச்சும் இருக்காங்களா சார்?" என்றாள். அவள் முடிப்பதற்குள் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"எந்தப் படம் சார்?"

"படம் இல்லம்மா."

"ஆல்பம் ஏதாவது?"

"அதுவும் இல்ல."

"அவர் போட்ட பாட்டை இப்ப யாராச்சும் பாடறாங்களா?"

என்ன சொல்லட்டும்? நீ போட்ட மெட்டுக்கெல்லாம் அடித்தவன் நான். அம்மன் ஊர்வலத்துக்குப் போட்டாய். கல்யாணத்துக்குப் போட்டாய். எலெக்ஷனில் இரண்டு கட்சிக்கும் ஒரே மெட்டைக் கொடுத்துவிட்டு, கேட்டால் "தாளம் வேற பாய்" என்று சாதித்தாய். அந்தப் பாட்டெல்லாம் பந்தலைப் பிரித்தபோதே போய்விட்டது. இப்போது அவற்றை நினைவில் வைத்திருப்பவன் நான் ஒருத்தன். எனக்கோ தாளம்தான் முழுசாக இருக்கிறது. மெட்டு அங்கங்கே ஓட்டை விழுந்து வருகிறது. பாடிக் காட்டச் சொன்னால் என்னால் முடியாது.

"பரவால்ல சார்" என்று அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நல்ல பெண்தான், மனசைப் புண்படுத்துகிற குணமில்லை. ஆனாலும் அந்தப் "பரவால்ல" எனக்குச் சுருக்கென்றது.

படவேட்டுத் திருவிழா நினைவுக்கு வந்தது. அன்று பாடிய பாட்டில் பாதி உன் மெட்டு. கடைசியில் நன்றி சொன்னவர் பாடகர்களுக்குச் சொன்னார், மைக் செட்டுக்குச் சொன்னார், ஜெனரேட்டர் போட்டவருக்கும் பேர் ஊரோடு சொன்னார். உன்னை விட்டுவிட்டார். நீ ஆர்மோனியப் பெட்டியை மூடிக்கொண்டு பஸ் ஏறினாய். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, "ஒரு பாட்டு பாய். என் பேர்ல ஒரே ஒரு பாட்டு நின்னா போதும். மீதிய பெருக்கிக் கொட்டிட்டுப் போவட்டும்" என்றாய். "மில்லு போர்டுல உன் பேரு பெரிசா நிக்குதே" என்று கிண்டல் செய்தேன். நீ சிரிக்கவில்லை. சென்னைக்குப் போய் ஒலிப்பதிவுக்கூட வாசல்களில் காத்திருந்து திரும்பி வந்தபோதுகூட உன் முகம் அப்படி இருந்ததில்லை.

அந்த ஒரு பாட்டு எது என்று யோசித்தபோதுதான் மலை ஞாபகம் வந்தது. ஜவ்வாது மலையில் ஒரு பாட்டு போட்டான் அம்மா, என்று ஊர்ப் பேரையும் சொன்னேன். அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "அங்க நான் சேகரிச்சதெல்லாம் பாரம்பரியப் பாட்டு சார். வியாழக்கிழமை திரும்பப் போறேன். நீங்களும் வர்றீங்களா?" என்றாள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மூட்டுவலி, மலைக்குளிர், எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை.

நாம் அங்கே மாட்டிக்கொண்ட கதையை உனக்கே நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஜமுனாமரத்தூர் தாண்டி ஒரு ஊர்த் திருவிழாவுக்குக் கச்சேரி. மேடை ஏறுவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுவிட்டது. நம் குழு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே கீழே இறங்கிவிட்டது. உன்னால் நடக்க முடியவில்லை. குளிரில் நெஞ்சு விசிலடித்தது. நீ இருந்ததால் நானும் இருந்தேன். நம்மைத் தங்கவைத்த வீட்டில் ஒரு பெண் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே மழையோடு பேசிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கீழே கூலி வேலைக்குப் போயிருந்தான்.

"இன்னாம்மா சொல்ற? திருப்பிச் சொல்லு" என்றாய் நீ.

"சும்மா பொலம்புறேன் சாமி."

"அந்தப் பொலம்பலதாம்மா கேக்கறேன்."

'கீழ போன ஆளு எப்ப வரும் மழையே, சாமை வெளஞ்சா சட்டுனு வருமா மழையே.' அவள் சொன்ன வார்த்தை இவ்வளவுதான். நீ பெட்டியைத் திறந்தாய். உச்சிவேளைக்குள் மெட்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். பாதை சரியாகிப் பஸ் வரும்வரை, தினமும் நீ பாடுவதும் அவர்கள் திருப்பிப் பாடுவதுமாக இருந்தது. அதற்குப் பிறகு நாம் அந்த ஊருக்குப் போகவே இல்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, "மலையில ஒண்ணு போட்டமே, அது எப்டி பாய் வரும்?" என்று கேட்டாய். உனக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நர்ஸ் வந்து பேசாதீர்கள் என்றாள்.

வியாழக்கிழமை அந்த ஊர்ச் சமுதாயக்கூடத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். ஊர் நிறைய மாறியிருந்தது. எந்த வீட்டில் தங்கினோம் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு பாட்டாகப் பாடினார்கள். எதுவும் உன்னுடையது இல்லை. வந்ததே வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது என் விரல் தொடையில் தட்ட ஆரம்பித்தது. கைக்குத்தான் முதலில் தெரிந்தது. காதுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அது உன் மெட்டு. ஓட்டை இல்லாமல், முழுசாக, நீ போட்டபடியே!

ஆராய்ச்சிப் பெண் என் பக்கம் சாய்ந்து, "இங்க ஒரு மௌனம் வரும் பாருங்க சார். காட்டுக்குக் கொடுக்கிற மரியாதைன்னு நினைக்கிறேன்" என்று மெதுவாகச் சொன்னாள்.

'கீழ போன ஆளு' என்று குரல் மேலே ஏறியது. எல்லாரும் பாட்டை நிறுத்தினார்கள். ஒரு சத்தமும் இல்லை. பிறகு 'எப்ப வரும் மழையே' என்று இறங்கினார்கள். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் நின்றார்கள்.

மில்லுக்காரா, அது நீ நின்ற இடம். அந்த 'ஆளு'வுக்கு ஏறியதும் உன் மூச்சு தீர்ந்துவிடும். ஒரு கையைத் தூக்கி இரு இரு என்று காட்டி, காற்றை இழுத்துக்கொண்டு, பிறகுதான் மிச்சத்தைப் பாடுவாய். அதையும் சேர்த்தே படித்துவிட்டார்கள்.

"அது காட்டுக்கும் இல்ல, சாமிக்கும் இல்லம்மா. என் ஃபிரெண்டுக்கு மூச்சு வாங்கின எடம் அது. இது அவன் போட்ட பாட்டு" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. "ஏதாவது ரெக்கார்டிங் இருக்கா சார்?" என்றாள். இல்லை. "யாராச்சும் கூட இருந்து பார்த்தவங்க?" நான் பார்த்தேன் என்றேன். "உங்களைத் தவிர?"

நீ செத்த அன்றைக்குக்கூட நான் அவ்வளவு தனியாக இல்லை. என்னைத் தவிர யார்? உன் மகன் மில்லை விற்றுவிட்டு பெங்களூர் போய்விட்டான். உன் பெட்டி யாரிடம் இருக்கிறதோ தெரியாது. வார்த்தை சொன்ன அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாளாம், பிறகு சொன்னார்கள். உனக்கு என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு கிழவன் பாக்கி. அவன் பேச்சை நம்பினால்தான் உண்டு. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் நீ மொத்தமாகப் போய்விடுவாய் என்று தோன்றியது. பயமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன்.

"இருங்க சார், அவங்களையே கேட்டுடலாம்" என்று அவள் எழுந்தாள். முன்னால் உட்கார்ந்து பாடிய பெண்ணிடம் போய், இந்தப் பாட்டு யாரிடமிருந்து வந்தது என்று கேட்டாள்.

"எங்கம்மா பாடும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஏது? எங்கம்மாதான் கட்டுச்சு. மெட்டு எளப்புக்காரரு போட்டாரு."

"யாரு?"

"எளப்புக்காரரு. கீழேந்து பெட்டி எடுத்துக்கினு வந்த ஆளு. மழையில மாட்டிக்கினாராம். நாங்க இத்த எளப்புக்காரரு பாட்டுன்னுதான் சொல்லுவோம். கல்யாணம் காட்சின்னா மொதல்ல அத்ததான் பாடச் சொல்லுவாங்க."

"போன தடவ இதைச் சொல்லலையேம்மா!"

"பழைய பாட்டான்னு கேட்ட. ஆமான்னேன். பழசுதானே?"

ஆராய்ச்சிப் பெண் சிரித்தேவிட்டாள். நானும் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. உனக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். "போயும் போயும் வியாதிப் பேரா பாய் வெப்பாங்க?" என்று குதிப்பாய். அதனால் உன் பெயரை இனிஷியலோடு, ஊரோடு, அங்கேயே சத்தமாகச் சொன்னேன். ஆராய்ச்சிப் பெண் அதைப் பதிவு செய்துகொண்டாள். பாட்டு அந்த அம்மாவுடையது, இசை உன்னுடையது என்று போடுகிறேன் என்றாள். போடுவாளா என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம். மலைக்காரப் பெண் உன் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேருதான். ஆனா எளப்புக்காரருன்னாதான் எங்க புள்ளைங்களுக்குத் தெரியும்" என்றாள்.

பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அவரு கூட மேளக்காரரு ஒருத்தர் நின்னுட்டாருன்னு அம்மா சொல்லும். நீதானா?"

ஆமாம் என்றேன். யாரோ ஒரு காலிப் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்து என் முன்னால் வைத்தார்கள். அடி பாய், பாடுகிறோம் என்றார்கள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அடித்தேன். தாளம் பிசகவில்லை.

மேடையில் என் உண்மையான வேலை என்ன என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உன் தோள் ஏறும்போதே மூச்சு முட்டப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். உடனே டோலக்கில் ஒரு உருட்டு உருட்டி அந்த இடத்தை மூடிவிடுவேன். கூட்டம் எனக்குக் கை தட்டும். அதற்குள் நீ காற்றை இழுத்துக்கொள்வாய். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை வருஷம் அப்படி மூடியிருப்பேன்! அன்றும் 'கீழ போன ஆளு' என்று அவர்கள் ஏறி நின்றதும், என் கை தானாக உருட்டுவதற்கு எழுந்துவிட்டது.

மலைக்காரப் பெண் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரு பாய். அவரு மூச்சு வாங்கிக்கட்டும்."

தூக்கிய கையோடு இருந்தேன். எல்லாரும் உனக்காகக் காத்திருந்தார்கள். அப்புறம் பாட்டு இறங்கியது. வீட்டுக்கு வந்து இத்தனை நாள் ஆகிறது. மேஜையில் தட்டினாலும், பால் தூக்கில் தட்டினாலும், அந்த இடம் வந்தால் என் கை நின்றுவிடுகிறது. நீ மூச்சு வாங்கிக்கொள்கிற வரைக்கும் அது கீழே இறங்குவதில்லை.