ஒன்பதாவது வளைவில் நீ நின்றது

இன்று காலை கெண்டைக்காலில் பிடிப்பு. மகள் தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்து வைத்தாள். அந்த வாசனைக்கு நீ வந்துவிட்டாய். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. யார் மேல் என்றுதான் இன்னும் தெரியவில்லை.

நம் தொழிற்சாலை விளையாட்டு விழாவில், கடைசிச் சுற்றில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆவடி குவார்ட்டர்ஸே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் கேன்டீன் வரிசையில் ஒருத்தி, "ரெண்டு புள்ள பெத்தப்புறம் இன்னாத்துக்கு இந்த வேலை?" என்றாள். ஷூவைப் பரணில் போட்டேன். இரண்டு வருடம் பஸ்ஸைப் பிடிக்கக்கூட நான் ஓடவில்லை.

நீ என் பக்கத்து மேசைக்காரி. பூந்தமல்லியில் பிறந்து குவார்ட்டர்ஸுக்கு வாழ வந்தவள். ஓட்டத்தில் எப்போதும் எனக்கு நூறு கஜம் முன்னால். எண்பத்தொன்பதில் ஏலகிரி மலைப்பாதையில் ஓட்டப்பந்தயம் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றே, என்னைக் கேட்காமல் என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாய்.

"ஏட்டி, என்னால ஆகாது. நான் பஸ்ஸுல கூட மலை ஏறுனதில்ல."

"மலை எங்கியும் போவாது. நாமதான் போவணும். நாளைக்கு அஞ்சு மணிக்கு டேஷனாண்ட வா."

ஆவடியில் மேடு ஏது? ரயில் நிலைய நடைமேம்பாலப் படிகளும் பருத்திப்பட்டு ஏரிக்கரைச் சரிவும்தான் நமக்கு மலை. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு இரண்டு பெண்கள் ஏறி இறங்குவதை, ரயிலுக்கு நிற்பவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எனக்கு மூச்சு வாங்கும். "வாங்கட்டும்டி, யார் ஊட்டுக் காத்து?" என்பாய். முடிந்ததும் சூட எண்ணெயை என் காலில் நீயே தேய்த்துவிடுவாய். சில நாள் நீயும் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவாய். எனக்குத் துணையாக உட்காருகிறாய் என்று நினைத்தேன்.

பந்தயத்தில் எட்டு வளைவு வரை உன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் நீ ஓரத்துச் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றாய். பதறி நெருங்கினேன். "ஷூ லேஸ் அவுந்துடுச்சி. நீ போடி" என்றாய். போனேன். உன்னைத் தாண்டிவிட்டேன் என்ற நினைப்பே மீதி வளைவுகளுக்கு என்னை இழுத்துக்கொண்டு போயிற்று. பெண்களில் மூன்றாவதாக வந்து ஒரு கப்பும் வாங்கினேன். நீ வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. காத்திருந்த நேரத்தில் எனக்குக் கவலையே வரவில்லை. சந்தோஷமாக இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் கவனித்தேன். உன் ஷூவில் லேஸே கிடையாது, எலாஸ்டிக் வைத்தது. "வேணும்னே விட்டுக் குடுத்தியா?" என்று சண்டைக்கு வந்தேன்.

"கப்பு வாங்கிகினு கேக்குற கேள்விய பாரு" என்று சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். விட்டுக்கொடுத்தாய் என்றே முடிவுகட்டினேன். ஒரு வாரம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த வருடம் நீ போய்விட்டாய். இதயத்தில் கோளாறு என்றார்கள். துக்கம் கேட்க வந்த என்னிடம் உன் தங்கை சொன்னாள்: "மலைக்குப் போறதுக்கு முன்னாடியே அக்காவுக்கு அடிக்கடி நெஞ்ச அடைக்கும். யாராண்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகினா."

அன்று பிடித்த குழப்பம் இன்னும் விடவில்லை. நீ விட்டுக்கொடுத்தாயா, முடியாமல் நின்றாயா? விட்டுக்கொடுத்தாய் என்றால் அந்தக் கப்பு என்னுடையது இல்லை. முடியாமல் நின்றாய் என்றால், மூச்சுக்குத் தவித்த உன்னைப் பார்த்தும் தாண்டிப் போனவள் நான். ஒரு நாள் ஒன்றை நம்புகிறேன், மறுநாள் மற்றதை. முடியாது என்று தெரிந்தும் ஏன் வந்தாய் என்று உன்னோடு சண்டை போடுகிறேன். ஆனால் அந்த மலைக்குப் பிறகு "என்னால ஆகாது" என்ற பேச்சு என் வாயில் வந்ததில்லை. அதுவும் நிஜம்தானே?

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறேன். மேடு வந்தால் உன் "போடி" காதில் விழுகிறது. அது கேலியா, கெஞ்சலா என்று நான் நிதானிப்பதற்குள் கால் வேகம் எடுத்துவிடுகிறது. அன்றும் அப்படித்தான் போனேன்.