நீலம் பூசிய பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு, தவமணியின் வணக்கம். மூட்டுவலி குறைந்திருக்கிறதா? அம்மா மாத்திரைகளை நேரத்துக்குப் போடுகிறாளா? ஆத்தூரில் நான் நலமாக இருக்கிறேன். போனில் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

கல்யாண மண்டபச் சுவரில் முத்துக்குளிப்பு ஓவியம் முடிந்துவிட்டது. கல்லூரி நாட்களில் நம் வீட்டிலேயே சாப்பிட்டுக் கிடந்த பெவின்தானே என்னை இதற்கு அழைத்தான்? கடலையும் படகுகளையும் அவன் வரைந்தான். மனிதர்கள் அத்தனை பேரையும் நான் வரைந்தேன். கீழே இருவர் பெயரையும் எழுதியிருந்தோம். நேற்று விழாவில் திரையை விலக்கியபோது, என் பெயர்மேல் நீலம் பூசியிருந்தது.

"ஒத்தப் பேரா இருந்தாத்தான் எடுப்பா இருக்கும். நீ தப்பா நெனைக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றான் பெவின்.

எதிரே வெற்றிலைக் கடை வைத்திருக்கும் ஆறுமுகத்தாய் அக்காதான் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்டார்: "ஏலே, ஒரு மாசமா வெயில்ல சாரத்துல நின்னது இந்தப் பிள்ளைல்லா? அவ பேரு எங்கன போச்சு?"

அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். அக்கா என் பையைத் தூக்கிக்கொண்டார். "ஏளா, வா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

இப்போது அங்கேதான் இருக்கிறேன். பக்கத்துக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலையும் பிடித்துக் கொடுத்திருக்கிறார். என் பழைய போர்வையையும் கொஞ்சம் ராகி மாவையும் அனுப்புங்கள்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. பெவின் கூப்பிட்டால் போனை அம்மாவிடம் கொடுக்காதீர்கள். அவள் வழக்கம்போல "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டுவிடுவாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியாது.

உங்கள் மகள்,
தவமணி