ஹேண்ட்பேக்கில் இருந்த சாவி

செப். 2, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஏ ஷிப்ட். மூன்று மணிக்குக் கம்பெனியிலிருந்து நேராக அக்கா வீடு, பாகலூர் ரோடு. இரண்டு பக்கெட் துணி. அக்காவைக் குளிக்க வைத்தேன். தொடையில் பிளேட் வைத்த இடம் மழைக்குக் குடைகிறதாம். வாக்கரில் இன்று பதினொரு அடி. நேற்று எட்டு.

பக்கத்து வீட்டு கௌரம்மா எட்டிப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில், "ஊட்டா ஆய்தா?" என்றார். "ஆய்த்து." எனக்கு வரும் கன்னடம் அவ்வளவுதான். பிறகு தமிழில், "எப்பிடிம்மா வண்டியிலருந்து விழுந்தாங்க உங்கக்காவும் மாமாவும்?"

நான் வாய் திறப்பதற்குள் அத்தை, மாமாவின் அம்மா: "நாய் குறுக்க வந்துச்சும்மா. கன்னுக்குட்டி மாதிரி கருநாய்."

அக்கா தலையாட்டினாள். மூன்று மாதத்தில் அந்த நாய் வளர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் சொன்னபோது குட்டி.

வாங்க: பினாயில், வாழைக்காய், அக்கா மாத்திரை.

செப். 4, வியாழன்

லைனில் நின்று கால் வீக்கம். மாமாவின் ஸ்கூட்டர் மெக்கானிக்கிடமிருந்து வந்துவிட்டது. புது முன்சக்கரம், புது ஹெட்லைட். மாமாவுக்குக் கைக்கட்டு அவிழ்த்து இரண்டு வாரம். வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். நாய் இல்லை.

மூன்று மாதம் முன்பு அஞ்செட்டியில் அக்கா மகள் யாழினிக்குக் காதுகுத்து. கிடா வெட்டு. ஆண்கள் பாறைக்குப் பின்னால் போய்ப் போய் வந்தார்கள். எல்லார் போனும் சாவியும் என் ஹேண்ட்பேக்கில். விசேஷத்தில் படித்த பெண்ணுக்கு அந்த வேலைதான். நாலு மணிக்கு மாமா சாவிக்குக் கை நீட்டினார். சாராய நாற்றம். "கொஞ்ச நேரம் கழிச்சுப் போலாமே மாமா." எனக்கே கேட்காத குரல்.

"பார்றா, காலேஜ் முடிச்சதும் மாமனுக்கே புத்தி சொல்லுது!" என்றார் மாமா.

பந்தியே சிரித்தது. வெட்கம். ஜிப்பைத் திறந்து கொடுத்துவிட்டேன். அக்கா பின்னால் ஏறினாள். யாழினி தூங்கிவிட்டதால் எங்களோடு வேனில். மலை வளைவில் மாமா வண்டி மைல்கல்லில் மோதியது.

பந்தியில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் நாய் என்கிறார்கள்.

செப். 6, சனி

வெயில், அப்பாடா. மெத்தை காயப்போட்டேன். அக்கா பதினாறு அடி, கதவைப் பிடிக்காமல்.

மாமா பாக்கு மென்றுகொண்டே இருக்கிறார். முன்பு பாக்குப் பழக்கம் கிடையாது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சாமி சத்தியமா குடிய வுட்டுட்டேன் பாப்பா." நான் எதுவும் கேட்கவில்லையே.

இடுப்பு வலி. என் துணி இன்னும் ஊறுகிறது.

செப். 7, ஞாயிறு

லீவு. மதியம் மாமா நண்பர் வீட்டுப் பிரியாணிக்கு நடந்து போய் வந்தார். கண் சிவப்பு. பாக்கையும் மீறி அதே நாற்றம். யாழினியிடம், "வா கண்ணு, வளையல் வாங்கியாரலாம். முன்னாடி நின்னுக்க." அவள் செருப்பு மாட்டிவிட்டாள்.

ஆணியில் சாவி இல்லை. அவர் தெருமுனையில் வரும்போதே எடுத்து ஹேண்ட்பேக்கில் வைத்துவிட்டேன்.

"சாவி எங்க?"

"எங்கிட்ட மாமா."

"கொண்டா."

அத்தை: "ஆம்பளைய நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறதுக்கா படிக்க வெச்சாங்க? எடுத்துக் குடு."

"அன்னிக்குக் குடுத்தேன் மாமா. இன்னிக்கு இல்ல." இந்த முறை எனக்குக் கேட்டது. அவர் என் ஹேண்ட்பேக் பக்கம் நகர்ந்தார்.

கட்டிலிலிருந்து அக்கா: "அதை இங்க குடுடி."

பயந்துகொண்டே கொடுத்தேன். அக்கா சாவியைத் தொடைக்கடியில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பிளேட் வைத்த தொடை. வலியில் உதட்டைக் கடித்தாள்.

"நாயும் இல்ல, நரியும் இல்ல. வேணும்னா என்னைத் தூக்கி அந்தப் பக்கம் உக்கார வெச்சுட்டு எடுத்துக்கங்க."

மாமா கட்டில் வரை வந்தார். குனிந்தார். எங்கே கை கொடுத்துத் தூக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக ஒருநாளும் தூக்கியதில்லை.

யாழினி செருப்பைக் கழற்றினாள்.

நாளை ஏ ஷிப்ட். யூனிபார்ம் காயவில்லை.